கதவில்லாத வாசலும் செவலையின் கணக்கும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்துக் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த பத்தாம் நாள் காலையில், பால் வண்டிக்காரர் எங்கள் தோட்டத்து வாசலில் திறந்த கதவை அப்படியே விட்டுவிட்டுப் போனார். எங்கள் மாடுகளில் இரண்டு அந்த வழியாக வெளியேறி, பக்கத்துத் தோட்டத்தில் அறுத்த தட்டையிலிருந்து மறுபடியும் துளிர்த்திருந்த சோளக் குருத்தில் வாய் வைத்துவிட்டன. காய்ந்து கிடந்து மழைக்குத் தழைக்கும் இளஞ்சோளத்தில் நஞ்சு மிகுந்திருக்கும் என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், தெரிந்திருந்து பயனில்லை. அரை மணி நேரத்தில் ஜெர்சிக் கலப்பு மாடு நுரை தள்ளி, மூச்சு வாங்கி, நாலு காலும் நடுங்கிக் கீழே விழுந்தது. கால்நடை மருத்துவர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசியைச் சரியான நேரத்தில் போட்டதால் பிழைத்தது. சோளத்துக்குச் சொந்தக்காரர் எனக்கு மாமன் முறை. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி என் மாடுகளைப் பவுண்டு என்னும் அரசுப் பட்டியில் அடைக்க அவருக்கு உரிமை உண்டு. அவரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வாளியோடு ஓடி வந்தார்.

எங்கள் தோட்டம் பாலமேட்டுக்கு வடக்கே, சிறுமலைச் சரிவு கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது. ஐந்து ஏக்கரில் பெரும்பகுதி தென்னை, கொஞ்சம் மா, மீதியில் மாட்டுக்குக் கோ-4 புல். மாடுகள் ஆறு, வெள்ளாடுகள் பதினைந்து. சுற்றிலும் கிளுவை வேலி; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை முழுவதும் வாசலில்தான் இருந்தது. எங்களுக்குப் பின்னால் இருக்கும் மூன்று குடும்பத்தாரும் எங்கள் நிலத்தின் வழியாகத்தான் போய்வர வேண்டும். பத்திரத்திலேயே வண்டிப்பாதை பாத்தியம் எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் இரும்புக் கதவு போட்டபோதே அந்த மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கதவு போடுறது உன் இஷ்டம் தாயி. ஆனா பூட்டக் கூடாது. பூட்டுனா அப்புறம் அது பாதை இல்ல."

பூட்டாத கதவை ஒரு நாளைக்கு முப்பது முறை திறக்கிறார்கள், இருபது முறை சாத்துகிறார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. புல்லுக்கட்டைப் பின்னால் வைத்து இருசக்கர வண்டியில் வருகிறவர் இறங்கி, வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, உள்ளே வந்து, மறுபடியும் இறங்கிச் சாத்த வேண்டுமென்றால் புல்லுக்கட்டு சரிந்துவிடும். எனவே அந்த மாடு பிழைத்து எழுந்த அன்று நான் முடிவு செய்தது ஒன்றுதான்: யாருடைய கையையும் நினைவையும் நம்பாத வாசல் வேண்டும்.

பழைய வழிகள் எனக்குத் தெரியாதவை அல்ல. என் அப்பத்தா வீட்டுத் தொழுவில் இரண்டு கல்லுக்காலில் துளையிட்டு, மூன்று உழலை மரங்களைச் செருகி வைத்திருப்பார்கள். மாட்டை ஓட்டும்போது உருவுவதும் அடைத்தபின் செருகுவதும் சிறுவர் வேலை. தோட்டத்து வாசலில் மூங்கில் படலோ இலந்தை முள்ளோ இழுத்து வைப்பார்கள். அவையெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு முறை திறக்கும் வாசலுக்குப் பொருந்தியவை. புலிக்குளம் மாடுகளைக் கிடை போடுகிறவர்கள் வேலியே இல்லாமல் வெட்டவெளியில் நூறு மாட்டை இரவு முழுக்க நிறுத்தி வைக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அங்கே வேலிக்குப் பதிலாக ஒரு மனிதர் கம்போடு தூங்காமல் இருக்கிறார்.

நியூசிலாந்தில் பால் பண்ணையில் வேலை பார்க்கும் என் தம்பிதான் அந்தப் படத்தை அனுப்பினான். பாதையின் குறுக்கே ஒரு குழி, குழியின் மேல் இடைவெளி விட்டு வரிசையாக இரும்புக் குழாய்கள். அதன்மேல் வண்டி போகிறது, மாடு போவதில்லை. இங்கிலாந்துப் பக்கம் அதைக் கேட்டில் கிரிட் என்பார்களாம். எங்கள் வீட்டில் அதற்கு முதல் நாளிலிருந்தே பைப்புக் குழி என்றுதான் பெயர்.

மாட்டின் கண்கள் முகத்தின் பக்கவாட்டில் இருப்பதால் அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவதையும் பார்க்கும். ஆனால் நேர் எதிரே, காலடியில் இருக்கும் பள்ளத்தின் ஆழத்தைக் கணிப்பதில் அது தடுமாறும். வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் தரையைக் கண்டால் தலையைத் தாழ்த்தி, முகர்ந்து, நின்றுவிடும். அதையும் மீறிக் காலை வைத்தால், பிளந்த குளம்பு உருண்டைக் குழாயில் பிடிமானம் கிடைக்காமல் நழுவும். எங்கள் குழியைக் கட்டி முடித்த அன்று எங்கள் பசு செவலை விளிம்புவரை வந்து, முன்னங்காலால் முதல் குழாயை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, காதை முன்னால் நீட்டி வெகுநேரம் நின்றாள். பிறகு ஒரு பெருமூச்சோடு திரும்பினாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அளவுகளைச் சொல்கிறேன், முதலில் செய்த தவறுகளோடு சேர்த்து. பாதையின் அகலம் 12 அடி. பாதை போகும் திசையில் குழியின் நீளம் 7 அடி, ஆழம் 2 அடி. பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி 2 அங்குலக் குழாய் வாங்கினேன். இரு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று சுவர்கள் மட்டும் எழுப்பச் சொன்னேன். கொத்தனார் அண்ணன் "லாரி ஏறுனா தாங்காதும்மா" என்று சொன்னார். இங்கே லாரி எங்கே வரப்போகிறது என்று நான் சொன்னேன். இரண்டே மாதத்தில் தென்னைக்கு எரு ஏற்றிய டிப்பர் வந்தது. நாலு குழாய்கள் வில்லாக வளைந்தன. ஓட்டுநர் பின்சக்கரத்தை மேலே எடுக்க ஒரு மணி நேரம் பட்ட பாட்டை நான் கூனிக் குறுகி நின்று பார்த்தேன்.

இரண்டாம் முறை 3 அங்குல சி கிளாஸ், அதாவது கனத்த ரகக் குழாய் வாங்கினேன். அதன் வெளி விட்டம் 3½ அங்குலம் இருக்கும். இடைவெளி 4½ அங்குலம் விட்டால், 7 அடிக்குப் பத்து அல்லது பதினோரு குழாய்கள் தேவைப்படும். கடையில் குழாய் 20 அடி நீளத்தில் வருகிறது. 12 அடி வெட்டியது போக மிஞ்சும் 8 அடித் துண்டுகளை வீணாக்காமல் இருபுறத்து வேலித் தூண்களுக்குப் பயன்படுத்தினோம். சுவர்களை மூன்றிலிருந்து ஐந்தாக்கி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே இரண்டடி மட்டும் விட்டோம். எடையைத் தாங்குவது குழாயின் தடிமனைவிடச் சுவர்களின் நெருக்கம்தான் என்பதை வெல்டிங் பட்டறைத் தம்பி தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினான். சக்கரம் போகும் தடத்துக்கு நேர் கீழே ஒரு சுவர் வருமாறு பார்த்துக்கொள்வது நல்லது. டிராக்டருக்கும் லாரிக்கும் தடம் வேறுபடும் என்பதால் இரண்டையும் நிறுத்தி அளந்துகொள்ள வேண்டும்.

அந்த ஐந்து சுவர்கள்தான் அடுத்த வினையாக வந்தன. ஒன்பது அங்குலச் சுவரின் தலை குழாய்க்குக் கீழே மட்டமாக இருந்தது. குழாய்க்கு இடையே விட்ட கால் பள்ளத்தில் இறங்காமல் மூன்றரை அங்குலத்திலேயே சிமெண்டில் ஊன்றிக்கொள்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை, செவலை கவனித்துவிட்டாள். ஒரு விடியற்காலை நான் பால் கறக்க எழுந்தபோது அவள் பாதைக்கு வெளியே புளியமரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். வேலியில் எங்கும் உடைப்பு இல்லை. ஈரச் சாணித் தடம் குழாய்களுக்கு நடுவே, இரண்டாவது சுவரின் தலைமேல் மட்டும், நூல் பிடித்ததுபோல் வரிசையாக இருந்தது. சுவரை ஒரு ஒற்றையடிப் பாதையாகக் கண்டுபிடித்து, ஒரு கால் முன், ஒரு கால் பின் என்று நிதானமாக நடந்து போயிருக்கிறாள்.

இதற்குத் தீர்வு எளிது. கட்டும்போதே செய்திருந்தால் இன்னும் எளிது. குழாய்களைக் கழற்றி, ஒவ்வொரு சுவரின் தலையையும் வீட்டுக் கூரைபோல் இருபுறமும் சரித்துப் பூசி, முகட்டில் எல் வடிவ 3 அங்குல ஆங்கிள் இரும்பைக் கவிழ்த்து வைத்து, அதன் முனையில் குழாய்களைப் பற்றவைத்தோம். கால் வைத்தால் சறுக்கும். செவலை அதற்குப் பிறகு மூன்று இரவுகள் முயன்றிருக்கிறாள் என்பது முதல் குழாயில் ஒட்டியிருந்த சாணியிலிருந்து தெரிந்தது. நான்காம் நாளிலிருந்து விட்டுவிட்டாள். இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் மந்தையிலேயே புத்திசாலியான மாடு எது என்று பார்த்து, அதற்காகக் கட்டுங்கள். மற்றவை அதன் பின்னால்தான் போகும்.

குழியின் இரு ஓரங்களையும் அலட்சியமாக விடக் கூடாது. கிளுவை வேலி குழியின் விளிம்பில் முடிந்து, ஓரச் சுவர் முக்கால் அடி அகலத்துக்கு வெறுமையாக இருந்தால், மாடு அந்த விளிம்பில் உடம்பைச் சாய்த்துக்கொண்டே போய்விடும். நாங்கள் மிஞ்சிய குழாய்த் துண்டுகளால் இருபுறமும் மூன்றரை அடி உயரத்துக்குச் சாய்வான தடுப்புகள் வைத்து, அவற்றை வேலியோடு கம்பி வலையால் இணைத்தோம். தடுப்பை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால், தேங்காய் ஏற்றிய வண்டியின் உடல் அதில் உரசாது.

குழி வந்துவிட்டால் மாடு போய்வரத் தனி வழி வேண்டும் என்பதையும், தலைச்சுமையோடு வருகிறவர்கள் உருண்டைக் குழாயில் நடக்க முடியாது என்பதையும் நான் கட்டிய பிறகுதான் யோசித்தேன். பின்தோட்டத்து அக்கா ஒருவர் விறகுச் சுமையோடு குழியின் எதிரே வந்து நின்று, "மாட்டுக்கு வச்சியா எனக்கு வச்சியா?" என்று கேட்டார். மறுநாளே பக்கத்தில் ஆள் நுழையும் கடவு ஒன்று அமைத்தோம். மேலூர்ப் பக்கத்திலிருந்து வாங்கிய கல்லுக்கால்களை எதிரும் புதிருமாக நட்டு, மனிதர் உடம்பைத் திருப்பி நுழையலாம், மாட்டின் நீளமான உடம்பு திரும்ப முடியாது என்னும்படி இடம் விட்டோம். சுமை தலையில் இருப்பதால் கல்லின் உயரம் இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு அடுத்தாற்போல் அப்பத்தா வீட்டு முறையில் உழலை மரம் வைத்த ஐந்தடி வழி. காலையும் மாலையும் மாட்டை ஓட்டும்போது மட்டும் அதை உருவுகிறோம். எப்படியும் மாட்டின் பின்னால் ஆள் போவதால், மறந்துபோகும் பேச்சே அங்கே இல்லை.

அந்த வழியை முதலிலேயே வைத்திருந்தால் ஒரு கன்று கால் இடறியிருக்காது. பிறந்து இருபது நாளான கிடாரிக் கன்று, தாயைத் தேடித் துள்ளி ஓடிவந்த வேகத்தில் குழாய்களுக்கு நடுவே இரண்டு முன்னங்கால்களையும் விட்டுவிட்டது. கன்றை இழுக்கக் கூடாது. இழுத்தால் எலும்பு போய்விடும். என் கணவர் கன்றின் வயிற்றடியில் சாக்கை மடித்துக் கொடுத்து எடையைத் தாங்கிக்கொண்டார். நான் காரின் ஜாக்கியைக் கொண்டுவந்து இரண்டு குழாய்களுக்கும் நடுவே படுக்கவைத்துத் திருகினேன். முக்கால் அங்குலம் விரிந்ததும் கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தோல் உரிந்ததோடு போயிற்று. அன்று முதல் கன்றுகளை மூன்று மாதம் வரை தொழுவை விட்டு அவிழ்ப்பதில்லை. அந்த ஜாக்கியும் இப்போது வாசல் பக்கத்து மோட்டார் அறையில்தான் தொங்குகிறது. குதிரை வைத்திருப்பவர்கள் இந்தக் குழியைக் கட்டவே வேண்டாம். அவை பயந்து பாய்ந்து காலை முறித்துக்கொள்ளும்.

வெள்ளாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் குழி வெள்ளாட்டை ஒரு நாளும் நிறுத்தவில்லை. முதல் மாலையே மூத்த ஆடு குழாயின் மேல் கழைக்கூத்தாடிபோல் நடந்து போயிற்று. குட்டிகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. செம்மறியும் ஏமாறுவதில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் மார்ஸ்டன் என்னும் ஊரில் செம்மறிகள் கிரிட்டின் மேல் படுத்து உருண்டு அக்கரை சேர்ந்து தோட்டங்களை மேய்ந்தன என்று 2004-இல் செய்தியே வந்தது. நாங்கள் ஆடுகளுக்குத் தனிப் பட்டி போட்டுக் கம்பி வலை அடித்துவிட்டோம். வேலியில் நுழையும் இரண்டு திருட்டு ஆடுகளுக்கு மட்டும் கழுத்தில் முக்கோணமாகக் குச்சி கட்டியிருக்கிறோம்.

காளையும் அப்படித்தான். தை மாதம் இரண்டாம் நாள் பாலமேட்டில் ஜல்லிக்கட்டு. அன்று பிடிபடாமல் ஓடிய காளை ஒன்று, கொம்பில் கட்டிய துண்டோடு எங்கள் பாதையில் வந்தது. குழியைப் பார்த்து நிற்கும் என்று நாங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம். அது ஓட்டத்தைக் குறைக்கவே இல்லை. ஏழடியையும் ஒரே தாவில் தாண்டி உள்ளே வந்து, எங்கள் மாடுகளுக்கு நடுவே போய் நின்று புல் தின்னத் தொடங்கிவிட்டது. சொந்தக்காரர் சாயங்காலம் வந்து கழுத்தில் கயிறு போட்டபோது செல்லப் பிள்ளைபோல் பின்னால் போயிற்று. வெளியிலிருந்து வேகமாக ஓடிவரும் மாட்டுக்கும், உள்ளே மேய்ந்துகொண்டே மெல்ல வரும் மாட்டுக்கும் குழி ஒன்றல்ல என்று அன்றுதான் புரிந்தது. தாவும் பழக்கமுள்ள மாடு இருந்தால் 8 அடிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அப்போதும் உறுதி சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் குழியே தோண்டாமல், சாலையில் வெள்ளைக் கோடுகளை மட்டும் குறுக்கே தீட்டி மாட்டை நிறுத்துகிறார்கள் என்று தம்பி சொன்னான். பின்பக்கத்துச் சிமெண்டுப் பாதையில் சுண்ணாம்பால் அதையும் செய்து பார்த்தேன். குழியை முன்பே அறிந்த மாடுகள் கோட்டைக் கண்டதும் நின்றன. ஒரு மாதம் வரை ஒன்றும் தாண்டவில்லை. பிறகு கோட்டுக்கு அப்பால் யாரோ போட்டுவிட்டுப் போன பச்சைப் புல்லுக்கட்டு ஒன்று அந்தப் பயத்தைத் தீர்த்து வைத்தது. அப்பால் மேய்ச்சல் எதுவும் இல்லாத இடத்துக்கு அது போதும். பயிர் இருக்கும் இடத்துக்குப் போதாது.

பாதையின் குறுக்கே மின்கம்பிகளைத் தொங்கவிடும் யோசனையை நான் தொடவில்லை. விநாடிக்கு ஒரு முறை துடிப்பு விடும் முறையான கருவி ஆளைக் கொல்லாது என்றாலும், பள்ளிப் பிள்ளைகளும் சுமைக்காரர்களும் நடக்கும் பொதுப்பாதையில் அதற்கு இடமில்லை. காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலி போடுவதற்கு 2023-இல் தமிழ்நாடு அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக்குக் கொடுப்பது குற்றம் மட்டுமல்ல, கொலை.

குழிக்குப் பெரிய எதிரி ஐப்பசி மழைதான். முதல் ஆண்டு பாதையில் வந்த செம்மண்ணும் தென்னம்பாளையும் குரும்பையும் சேர்ந்து கார்த்திகைக்குள் குழியை முக்கால்வாசி தூர்த்துவிட்டன. ஆழம் போனால் பயம் போயிற்று. இப்போது குழியின் தாழ்ந்த மூலையிலிருந்து ஓடைவரை 6 அங்குலக் குழாய் பதித்திருக்கிறோம். புரட்டாசி முடிவதற்குள் ஒரு பக்கத்துக் குழாய்ச் சட்டத்தைத் தூக்கி மண் அள்ளுகிறோம். இதற்காகவே சட்டத்தை இரண்டாகப் பிரித்துப் போல்ட்டில் நிறுத்துவது நல்லது. முதல் முறை அள்ளியபோது உள்ளே தேரைகளும் செத்துக் காய்ந்த ஓணான்களும் கிடந்தன. விழுந்தவை ஏறமுடியாமல் செத்திருக்கின்றன. இங்கிலாந்தில் இப்படிக் குழியில் சிக்கும் முள்ளெலிகளுக்காக 1982-இல் ஒரு சங்கமே தொடங்கி, கிரிட்டுகளில் சாய்தளம் வைக்கச் செய்தார்கள். நாங்கள் ஒரு மூலையில் சொரசொரப்பான பலகைக்கல் ஒன்றைச் சாய்த்து வைத்தோம்; சாரைப்பாம்பு ஒன்று அதில் ஏறிப் போனதை நானே பார்த்தேன்.

எதிர்பாராமல் கிடைத்த பயன் சத்தம். யார் வந்தாலும் குழாய்கள் கடகடவென்று சொல்லிவிடும். பால் வண்டியா, மாமாவின் டிராக்டரா என்று மாமியார் படுக்கையிலிருந்தே சொல்வார். இரவில் அதிகமாகக் கேட்டால் எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கிறது என்று பொருள்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. பின்தோட்டத்தில் நெல் அறுக்க வரும், சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடும் வண்டி குழாயின் மேல் ஏறினால் குழாயும் கெடும், செயினும் கெடும். அறுவடை நாளில் மட்டும் குழியின் மேல் தடித்த பனஞ்சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி வண்டியை அனுப்புகிறோம். அன்று மாடுகளை அவிழ்ப்பதில்லை. போன தையில் சட்டங்களைப் பரப்பி முடித்து, வண்டி இன்னும் வரவில்லையே என்று நாங்கள் பாதையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முளைக்குச்சியைப் பிடுங்கிக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு செவலை எங்களுக்குப் பின்னால் வந்து நின்றாள்.